தலவாக்கலையில் போட்ட ஓட்டு

தேர்தல் அறிவித்துவிட்டால் நீலகிரியில் எங்கள் சேரம்பாடிப் பக்கம் டீக்கடைகளில் ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும். "சிலோன்காரர்களுக்கு என்ன அரசியல் தெரியும்? காட்டிய சின்னத்தில் குத்திவிட்டு வருவார்கள்." இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இங்கே வந்து சேர்ந்த எங்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். டேன்டீ என்கிற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவள் நான். இதைக் கேட்டால் தாத்தாவின் கோபம் அப்படியே எனக்கும் வந்துவிடுகிறது.

இலங்கையின் முதல் நாடாளுமன்றத் தேர்தல் 1947 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் நடந்தது. தாத்தாவுக்கு அப்போது 25 வயது. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் தொகுதியில் இந்திய வம்சாவளித் தமிழர்களின் கட்சியான இலங்கை இந்தியர் காங்கிரஸ் சார்பில் நின்று வென்றவர் சி. வி. வேலுப்பிள்ளை, கவிஞர். "நான் ஒரு கவிஞருக்கு ஓட்டுப் போட்டவன்" என்று தாத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கவிஞரின் ஒரு வரியைக்கூட அவர் படித்ததில்லை என்பது வேறு விஷயம். அதைவிட அவருக்குப் பிடித்துப்போனது, கடன் கணக்கு எழுதி மிரட்டுகிற கங்காணிக்கும் அன்றைக்கு ஒரே ஓட்டுதான் என்பது. துரைக்கும் அதே ஒன்றுதான்.

தேர்ந்தெடுக்க வேண்டிய 95 இடங்களில் அந்தக் கட்சிக்கு ஏழு கிடைத்தன. நுவரெலியாவில் அந்தக் கட்சியின் தலைவர்களில் ஒருவரான தொண்டமான் வென்றார். தாங்கள் ஆள் நிறுத்தாத பல தொகுதிகளில் தோட்டத்து மக்களின் ஓட்டு இடதுசாரிகளுக்குப் போனது. பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் அரசு இதைக் குறித்து வைத்துக்கொண்டது என்றுதான் நான் நினைக்கிறேன். இல்லாவிட்டால் அடுத்து வந்த சட்டங்களுக்கு அத்தனை அவசரம் இருந்திருக்காது. 1948 குடியுரிமைச் சட்டப்படி, இலங்கையில் பிறந்தவரானாலும் தகப்பனாரும் அங்கேயே பிறந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தாத்தாவின் தகப்பனார் துறையூர்ப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர். சான்றுக்கு எங்கே போவது? 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, வாக்காளர் பட்டியலிலிருந்து இவர்களை எடுத்துவிட்டார்கள். 1952 தேர்தலில் பழைய ஏழு இடங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

குடிமக்களாகப் பதிவு செய்துகொள்ள வேறொரு சட்டம் வந்தது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1,34,000 பேர். தாத்தாவின் மனு தள்ளுபடி.

எனக்கு ஆறாத இடம் 1964. அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, எங்கள் மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு எந்த நாட்டிலும் ஓட்டு இல்லை. ஓட்டு இருந்திருந்தால் இப்படிக் கணக்குப் போட்டிருக்க முடியுமா? முடியாது என்பார் தாத்தா. நானும் அதையே சொல்கிறேன்.

தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, நீலகிரிக்கு வந்து சேர்ந்தார்கள். இங்கேயும் தேயிலைதான், 1968இல் அரசு தொடங்கிய தோட்டங்கள். அட்டைக்கடிக்கும் குறைவில்லை. தாத்தாவின் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறி, 1977 ஜூன் சட்டமன்றத் தேர்தலில் முதல் ஓட்டுப் போட்டார். முப்பது வருட இடைவெளி. அந்தத் தேர்தலில்தான் எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார். அடுத்த மாதம் இலங்கையிலும் தேர்தல். நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியில் தொண்டமான் மறுபடி மக்கள் ஓட்டில் வென்றார். வானொலியில் அதைக் கேட்டுவிட்டுத் தாத்தா தோட்டமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாராம்.

பாட்டியின் கதை இன்னும் மோசம். இலங்கையில் 21 வயதானவர்களுக்கெல்லாம் 1931 முதலே ஓட்டு இருந்தது, பெண்களுக்கும்தான். 1947இல் அவருக்கு இருபது. ஒரு வயதில் தவறியது, ஐம்பதாவது வயதில் சேரம்பாடிப் பள்ளிக்கூட வரிசையில் கிடைத்தது. கணவரின் கவிஞர் புராணத்தை அத்தனை வருடமும் கேட்டுக் காது புளித்தவர் அவர். அன்று வெளியே வந்ததும் தாத்தா, "எதில் குத்தினாய்?" என்று கேட்டிருக்கிறார்.

"நீங்கள் குத்தியதில் இல்லை" என்றாராம் பாட்டி.