கையில எவ்வளவு வரும்?

செங்கோட்டைக்காரனுக்குப் பணம் மாற்றுவது புதுசில்லை. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த எங்கள் ஊரில் 1949 வரைக்கும் ஓடியது அந்த சர்க்கார் காசு. கூப்பிடு தூரத்துத் தென்காசியில் வெள்ளைக்காரன் ரூபாய். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய் என்று ஆச்சி வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாள். அந்தக் கணக்குக்கு சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28 சக்கரமும் 8 காசும். தென்காசி சந்தைக்குப் போய்வருகிறவர்கள் அந்த 8 காசை விட்டுக்கொடுக்க மாட்டார்களாம். "அரைச் சக்கரம்னா சும்மாவா?" என்பாள். சங்கு பொறித்த செப்புக் காசு ஒன்று ரொம்ப நாள் எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கிடந்தது. 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது மாற்ற வேண்டிய காசு ஏதும் மிச்சமில்லை, அதற்கு முன்பே எல்லாம் இந்திய ரூபாய் ஆகிவிட்டது.

ஆச்சியின் பேரன்மார் இப்போது கொழும்புக்குக் கிளம்பினோம். கிளப்பிவிட்டவன் மச்சான். பாவூர்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கிறான், கேரளாவுக்கு லோடு ஏற்றுவது தினப்படி வேலை. செங்கோட்டையிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம்தான் எங்களுக்கு வசதி. புளியரை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழா, பாலோடு, நெடுமங்காடு என்று மலை இறங்கினால் போதும்.

பணத்தை முந்தின வாரமே கேரளத்துப் புனலூரில் மாற்றினோம். வளைகுடாவுக்கு வீட்டுக்கொருவர் போன ஊர், அதனால் பணமாற்றுக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. இலங்கை ரூபாய் இந்தப் பக்கம் கிடைப்பது அரிது. டாலராக வாங்கிப் போய் அங்கே மாற்றுவதுதான் வழக்கம். பாஸ்போர்ட், டிக்கெட், பான் கார்டு கேட்டார்கள். ரொக்கமாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் தருவார்கள், அதற்கு மேல் வேண்டுமானால் வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு. நாம் கொடுக்கும் ரூபாய் 50,000-ஐத் தொட்டால் ரொக்கமாக வாங்க மாட்டார்கள், வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும்.

"எத்ர டாலர் வேணும் சேட்டா?" என்றான் கவுன்ட்டரில் இருந்த பையன். போர்டில் 87.20 என்று ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க்கடையில் 87.90. நான் உள்ளே காலெடுத்து வைத்துவிட்டேன், மச்சான் நகரவில்லை.

"போர்டு கெடக்கட்டும் தம்பி. ஐந்நூறு டாலருக்கு எல்லாஞ் சேத்து கையை விட்டு எவ்ளோ போகும்? அதைச் சொல்லு."

பையன் கால்குலேட்டரைத் தட்டினான். 43,600. அதோடு சேவைக் கட்டணம் 500, அதற்கு மேல் ஜிஎஸ்டி. எதிர்க்கடையில் 43,950, சேவைக் கட்டணம் இல்லை, ஜிஎஸ்டி மட்டும். போர்டில் விலை அதிகமாகத் தெரிந்த கடைதான் கடைசியில் மலிவு. பணமாற்றுக்கு ஜிஎஸ்டி மொத்தத் தொகைக்கு இல்லை. ஒரு லட்சம் வரை தொகையின் ஒரு சதவீதத்துக்கு மட்டும் 18 சதவீதம், குறைந்தது 45 ரூபாய். எங்களுக்கு 79 ரூபாய் வந்தது. ஆக, வட்டம், அதாவது மாற்றுக் கழிவு, பிடிக்கிற இடம் வரி அல்ல. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலும், அந்தச் சேவைக் கட்டணத்திலும்தான் எல்லாம். கத்திரிக்காய் மூட்டைக்குத் தரகு, ஏற்றுக்கூலி, கழிவு என்று பார்த்துப் பழகியவனுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

நோட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தே வாங்கினான். பேனாக் கிறுக்கல், ஓரக் கிழிசல், முத்திரைக் கறை இருந்தால் வெளிநாட்டில் மூஞ்சியைச் சுளிப்பார்கள்.

கொழும்புக்குப் போக இறங்கும் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வெளியே வரும் வழியிலேயே வரிசையாக வங்கிக் கவுன்ட்டர்கள், ஒவ்வொன்றிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். குற்றால சீசனில் ஆயில் மசாஜுக்குக் கூப்பிடுவதுபோல. விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது, நாங்கள் போனபோது டாலருக்கு 300-ஐ ஒட்டி. எல்லாவற்றையும் அங்கேயே மாற்றாமல் பாதியை மாற்றினோம். இந்திய ரூபாயையும் வாங்குகிறார்கள், ஆனால் கணக்குப் போட்டால் டாலரே தேவலை. ஊரிலிருந்து கிளம்பும்போது கையில் இந்திய ரூபாய் 25,000 வரைதான் வைத்திருக்கலாம் என்பதும் உண்டு. திரும்பி வந்து இறங்கும்போது ஆட்டோவுக்கு வேண்டுமே, அதற்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். மிஞ்சியதைப் புறப்படும்போது திரும்ப மாற்ற அதைத்தான் கேட்பார்கள்.

இலங்கையில் நமக்கு வரும் சிக்கல், ரூபாய் என்பது இரண்டு ஊரிலும் ரூபாய்தான். நோட்டிலும் தமிழ் இருக்கிறது. டாலர், திர்ஹம் என்றால் மனசு தானாகக் கணக்குப் போடும். இங்கே அது போடாது. சாலையோரம் செவ்விளநீர் 200 ரூபாய் என்றதும் மச்சானுக்கு நெஞ்சை அடைத்தது. பிறகு அவனே சூத்திரம் கண்டுபிடித்தான்: "ஏழுக்கு ரெண்டு அத்தான். அவங்க ஏழு ரூவா, நம்ம ரெண்டு ரூவா." அப்படிப் பார்த்தால் 200 என்பது நம் 57. நெல்லையில் நல்ல இளநீர் என்ன விலை விற்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு இன்னொன்று வெட்டச் சொன்னான். ஆச்சியின் ஏழு பணக் கணக்கு எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

5,000 ரூபாய் நோட்டை விமான நிலையத்திலேயே 1,000, 500 ஆக உடைத்துக்கொள்ளுங்கள். கொழும்புக் கடைவீதியான பெட்டாவில் சின்னக் கடைக்காரர் அதைப் பார்த்தாலே, "சில்லறை இல்லயே நானா (அண்ணா)" என்று கையை விரித்துவிடுகிறார்.

கார்டு தேய்க்கும் இடத்தில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கொழும்பில் ஒரு துணிக்கடையில் இயந்திரம் இரண்டு தொகையைக் காட்டியது. ஒன்று இலங்கை ரூபாயில், ஒன்று இந்திய ரூபாயில். "உங்கட காசிலயே போடவா சார்? லேசா விளங்கும்" என்றார் கடைப்பெண். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் நம் காசில் போட்டால் மாற்று விலையை வைப்பது அந்த இயந்திரத்தின் பின்னால் இருப்பவர்கள், அதில் அவர்கள் பங்கு ஏறியிருக்கும். எப்போதும் அந்த ஊர்க் காசிலேயே போடச் சொல்ல வேண்டும். அப்படிப் போட்டாலும் நம்மூர் கார்டுகள் பலவற்றில் 3.5 சதவீதம் வெளிநாட்டுக் கட்டணம் உண்டு, அது வேறு. ஏடிஎம்மில் எடுத்தால் அந்த வங்கியின் கட்டணமும் சேரும். நூறு நூறாகப் பத்துத் தடவை எடுப்பதைவிட ஒரே தடவை எடுப்பது லாபம்.

யுபிஐ? 2024 பிப்ரவரி 12 முதல் இலங்கையில் உண்டு, அன்றைக்கே மொரீசியஸிலும் தொடங்கினார்கள். செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முதலில் திறந்துவிட வேண்டும், எல்லா வங்கியும் தருவதில்லை. பெரிய கடைகளில் ஸ்கேன் செய்தோம், எத்தனை இந்திய ரூபாய் போகும் என்று ரகசிய எண் போடும் முன்பே காட்டிவிடுகிறது. மச்சான் கேட்கும் கேள்விக்குப் பதில் தானாகவே வந்துவிடுவதால் அவனுக்கு இதுதான் ரொம்பப் பிடித்துவிட்டது. இளநீர்க்காரரிடமும் த்ரீவீலரிலும் ரொக்கம்தான்.

கண்டியில் எங்களை ஏற்றிய த்ரீவீல்காரர் மலையகத் தமிழர். 2022 நெருக்கடியைப் பற்றிப் பேச்சு வந்தது. 200-ஐ ஒட்டி இருந்த டாலர் சில வாரங்களில் 360-ஐத் தொட்ட காலம் அது. பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் கிடந்ததைச் சொன்னார். "அப்ப டொலர் வச்சிருந்தவன்தான் ராசாங்க. எங்கட கையில ரூபா மட்டும்தானே." வெளிநாட்டுக்காரனுக்கு எல்லாம் மலிவாகத் தெரிந்த அதே மாதங்கள். இறங்கும்போது மச்சான் பேரம் பேசவில்லை.

சிகிரியா மலைக்கோட்டையில் வெளிநாட்டவர் கட்டணத்தை டாலரில் எழுதியிருக்கிறார்கள். இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்குத் தனிக் கட்டணம், பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான். அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

மிஞ்சிய இலங்கை ரூபாயைக் கட்டுநாயக்கவிலேயே ரசீதைக் காட்டி மாற்றிவிட்டோம், சில்லறைக் காசு தவிர. மாற்றாத டாலர் அப்படியே திரும்பி வந்தது. ஊருக்கு வந்த 180 நாளுக்குள் மிச்ச டாலரை ஒப்படைக்க வேண்டும் என்பது விதி, ஆனால் 2,000 டாலர் வரை நோட்டாக நாமே வைத்துக்கொள்ளலாம். புனலூர்க் கடையில் விற்க விலை கேட்டான் மச்சான். அவர்கள் வாங்கும் விலையைச் சொன்னதும், "அடுத்த தடவைக்கு ஆகும்" என்று பர்ஸை மூடிவிட்டான்.