கண்மாய்க் கட்டுரை ஜர்னலுக்குக் கிளம்பிய கதை

கட்டுரையை எழுதி முடித்துவிட்டேன், ரெண்டு வாரத்தில் ஜர்னலுக்கு அனுப்பிவிடலாம் என்று என் கைடிடம் சொன்னது, அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின வாரம். அனுப்பியது ஆவணி கடைசியில். இடையில் புதிதாக எந்த ஆய்வும் செய்யவில்லை. முடிந்ததாக நினைத்ததை அனுப்பும்படி ஆக்கவே நான்கு மாதம் போய்விட்டது.

என் ஆய்வு மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்கள், அதாவது பாசன ஏரிகள், பற்றியது. மடையைத் திறப்பது, அடைப்பது, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைப்பது, இதையெல்லாம் பார்க்கும் நீர்க்கட்டிகள் இன்று என்ன நிலையில் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. 9 கண்மாய், 14 நீர்க்கட்டிகள், 2 பருவம். கைவசம் தகவலுக்குப் பஞ்சமில்லை.

முதல் வடிவத்தில் முன்னுரையே நான்கு பக்கம். 1895-ல் பெரியாறு அணை முடிந்து தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியது, 1959-ல் வைகை அணை வந்தது என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தேன். கைடு பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டார். "ஏம்மா, நீர்க்கட்டி எப்ப வருவாரு? நீ இன்னும் அணையே கட்டி முடிக்கலையே" என்றார். அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார். எல்லா அட்டவணைகளையும் படங்களையும் பிரின்ட் எடுத்துத் தரையில் பரப்பு. ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று ஒரே வாக்கியத்தில் அடியில் எழுது. எழுத முடியாததைத் தூக்கிப் போடு. ஏழு அட்டவணை மூன்றாயிற்று. அந்த வாக்கியங்களை வரிசைப்படுத்தினால் முடிவுகள் பகுதி தயார். ஆய்வு முறை அதற்கடுத்து, முன்னுரை அதற்கும் பிறகு, சுருக்கம் கடைசியில். கட்டுரையை மேலிருந்து கீழாக எழுதக்கூடாது என்று யாராவது எம்.ஏ. படிக்கும்போதே சொல்லியிருக்கலாம்.

எந்த ஜர்னல் என்பது அடுத்த தலைவலி. எங்கள் ஆட்களுக்குப் பல வருடமாக ஒரே அளவுகோல்தான்: "கேர் லிஸ்ட்ல இருக்கா?" பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்றுக்கொண்ட ஜர்னல்களின் பட்டியல் அது. 2025 பிப்ரவரியில் யுஜிசி அந்தப் பட்டியலையே நிறுத்திவிட்டது. பிஎச்.டி. முடிக்கக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தையும் 2022 விதிமுறைகளிலேயே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் நாளைக்கு வேலைக்கென்று போய் நின்றால் கேட்பார்கள். இந்தப் பதற்றத்தை மோப்பம் பிடித்து வாட்ஸ்அப்பில் தினம் ஒரு விளம்பரம் வரும், மூன்றே நாளில் பிரசுரம், சான்றிதழ் இலவசம் என்று. என்னோடு படித்த ஒருத்தி பணம் கட்டினாள். கட்டுரை வந்தது, சான்றிதழும் வந்தது. ஒரு வருடத்தில் அந்த வெப்சைட்டே காணாமல் போயிற்று. ஸ்கோபஸ் என்ற சர்வதேச ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இருப்பதாக ஒரு ஜர்னல் சொன்னால் அதன் பக்கத்தில் உள்ள முத்திரையை நம்பாமல், ஸ்கோபஸின் பட்டியலுக்கே போய் அந்த ஜர்னலின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னைப் போட்டுத் தேட வேண்டும். நல்ல ஜர்னலின் பெயரிலேயே போலி வெப்சைட் நடத்துகிறவர்களும் உண்டு. என் சொந்தச் சோதனை இன்னும் எளிது: கடைசி இரண்டு இதழ்களைத் திறந்து பார்ப்பேன். ஜிஎஸ்டி, கோழி வளர்ப்பு, கம்பராமாயணம் மூன்றும் ஒரே இதழில் இருந்தால் அந்தப் பக்கமே போவதில்லை.

அதிக நாளைத் தின்றது சொற்கள். கண்மாயை ஆங்கிலத்தில் 'டேங்க்' என்றுதான் நம் நாட்டில் எழுதுகிறோம். வெளிநாட்டில் இருக்கும் நண்பன் ஒருவன் என் கட்டுரையைத் தன் ஆய்வகத் தோழியிடம் படிக்கக் கொடுத்தான். அவள் கேட்ட முதல் கேள்வி: ஒரு தொட்டித் தண்ணீரில் இத்தனை ஏக்கர் நெல் எப்படி விளையும்? பாவம், அவள் மனதில் ஓடியது மொட்டைமாடி சின்டெக்ஸ். சரி, 'கண்மாய்' என்றே எழுதி, முதல் இடத்தில் விளக்கம் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். தேடிப் பார்த்தால் அந்த ஒரு சொல்லை ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றின் கடைசி எழுத்துகள் ஏ.ஐ., இன்னொன்றில் ஓ.ஐ., மற்றொன்றில் ஏ.ஒய். ஒரே தட்டில் எல்லாவற்றையும் மாற்றினேன். வேலை முடிந்தது என்று ஜிகர்தண்டா குடிக்கப் போய்விட்டேன். மூன்று நாள் கழித்து, புது நத்தம் ரோட்டில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து துணைநூல் பட்டியலைச் சரிபார்த்தபோதுதான் தெரிந்தது, மற்றவர்கள் எழுதிய கட்டுரைகளின் தலைப்புகளிலும் நான் கைவைத்திருக்கிறேன். அந்தத் தலைப்பிட்டுத் தேடினால் எதுவும் கிடைக்காது. ஒவ்வொன்றாகத் திருத்த ஒரு முழு நாள்.

அடுத்து என் பெயர். எனக்கு ஒற்றைப் பெயர், முன்னால் அப்பாவின் இனிஷியல். ஜர்னல் தளமோ குடும்பப் பெயர் கொடு, இல்லாவிட்டால் அடுத்த பக்கத்துக்கு விடமாட்டேன் என்கிறது. பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி அப்பா பெயரை அங்கே போட்டால், மேற்கோள் காட்டுகிறவர்கள் எல்லோரும் அப்பாவின் பெயரைத்தான் எழுதுவார்கள். வெயிலில் கரை கரையாக நடந்தது நான். கடைசியில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என் பெயரையும், முதல் பெயர் என்ற கட்டத்தில் இனிஷியலையும் போட்டேன். ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும் ஆர்கிட் கணக்கு, தலைப்புப் பக்கம், ஜர்னல் தளம் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். முதல் கட்டுரையிலேயே இதை முடிவு செய்துவிடுவது நல்லது.

படங்கள் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, கேட்டார்கள். பக்கம் முழுக்க வரும் படம் 190 மி.மீ. அகலம், கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 2,244 பிக்சல் வேண்டும். என்னிடம் இருந்த கலுங்குப் படம் (கண்மாயின் மிகுநீர் வெளியேறும் இடம்), கூட வந்த தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பியது, 1,600 பிக்சல். அவன் போனில் மூலப்படம் அழிந்துபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை திரும்ப பஸ் ஏறிப் போய் எடுத்து வந்தேன்.

மற்றவர்கள் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் 23 சதவீதம் வந்தது. யுஜிசியின் 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரைதான் பிரச்சினை இல்லை. பயந்துகொண்டே அறிக்கையைத் திறந்தேன். பாதி, துணைநூல் பட்டியல். அதை விலக்கிவிட்டுப் பார்க்கலாம். மீதியில் பெரும்பகுதி 'ஆய்வுப் பகுதி' பத்தி. மதுரை மாவட்டத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, மழையளவு, மண்வகை. அந்தப் பத்தியை எனக்கு முன்னால் எத்தனை பேர் யாரிடமிருந்து எடுத்தார்களோ! முழுவதையும் அடித்துவிட்டு, ஒன்பது கண்மாய்களில் ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு எப்படி மறுகால் பாய்கிறது என்று நான் பார்த்ததை எழுதினேன். 8 சதவீதமாயிற்று.

ஆசிரியர் வரிசையில் மூன்றாவதாக ஒரு பெயரைச் சேர்க்கச் சொல்லி ஓரிடத்திலிருந்து அழுத்தம் வந்தது. யார் என்ன வேலை செய்தார் என்று ஜர்னல் தனியாகக் கேட்கிறது, அவர் பெயருக்கு எதிரே என்ன எழுதட்டும் என்று கைடு கேட்டார். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

பேட்டி கொடுத்த நீர்க்கட்டிகளின் பெயரை வெளியிடமாட்டேன் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதி வாங்கியிருந்தேன். கட்டுரையில் அவர்கள் பி-1, பி-2 என்று எண்களாகத்தான் இருப்பார்கள். அனுப்புவதற்கு முன் அவரவர் சொன்னதைத் தமிழில் படித்துக் காட்டப் போனேன். பி-7, எழுபது தாண்டியவர், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கடைசி வரி வரை கேட்டார். "எல்லாம் சரி. என் பேரு எங்க தாயி?"

விளக்கினேன். "நான் என்ன களவா பண்ணேன், பேரை மறைக்கிறதுக்கு?"

பதில் சொல்ல வரவில்லை. ஆனால் மீன்பாசி ஏலத் (கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமைக்கான ஏலம்) தகராறு பற்றி மனம்விட்டுப் பேசிய வேறு இருவர், பெயர் வந்தால் ஊரில் இருக்க முடியாது என்று சொல்லியிருந்தார்கள். கைடிடம் கேட்டு ஒரு வழி கண்டோம். கட்டுரைக்குள் எண்கள் அப்படியே இருக்கட்டும். நன்றியுரையில், விரும்புகிறவர்கள் பெயரை மட்டும், யார் எந்த எண் என்று தெரியாதபடி போடலாம். அதற்குத் தனியாகப் புதிய ஒப்புதல். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்த ஜர்னலில் மதிப்பீட்டாளருக்கு எங்கள் பெயர் தெரியக்கூடாது. அதனால் நன்றியுரை கட்டுரையில் இருக்காமல் தலைப்புப் பக்கக் கோப்புக்குப் போனது. வேர்டு கோப்பின் விவரங்களில் ஆசிரியர் என்ற இடத்தில், எனக்கு லேப்டாப்பை விற்ற அத்தை மகன் பெயர் இருந்தது; அதையும் அழித்தேன். தளம் தயாரித்துக் கொடுத்த 34 பக்கப் பிடிஎஃப்பை ஒரு தடவை முழுக்கப் படித்துவிட்டு, ராத்திரி பதினொன்றரைக்குச் சப்மிட் அழுத்தினேன்.

காலையில் பெரியவருக்கு போன் செய்து அனுப்பியாச்சு என்றேன்.

"எப்ப அச்சாகும்?"

"ஆறு மாசம் ஆகலாம்யா. அவங்க திருப்பி அனுப்பினாலும் அனுப்பலாம்."

"அப்பத் தைக்கு மேலதான். சரி வையி தாயி, கலுங்குல ஆளு நிக்குது."