கம்பாரிசன் மைக்ரோஸ்கோப் முன்னாடி என்னோட ரெண்டு வருஷம்

ஃபாரன்சிக் பாலிஸ்டிக்ஸ் (குற்றத்துல சிக்கின துப்பாக்கியையும் குண்டையும் ஆராயுற படிப்பு) எம்எஸ்சின்னா தினமும் துப்பாக்கி சுடுவோம்னு நெனச்சுதான் சேர்ந்தேன், ஆனா ரெண்டு வருஷத்துல நான் சுட்ட நேரத்தையெல்லாம் கூட்டுனா முழுசா ஒரு நாள்கூட தேறாது, மீதி மொத்தமும் மைக்ரோஸ்கோப்தான்.

முதல் செமஸ்டர் கணக்கும் பிசிக்ஸும். குண்டு பேரலுக்குள்ள இருக்கும்போது என்ன நடக்குது, காத்துல எப்படிப் போகுது, பட்ட இடத்துல என்ன செய்யுதுன்னு மூணா பிரிச்சு படிக்கணும். கஷ்டம்தான், படிச்சா வந்துரும்.

கண்ணைப் பழக்குறதுதான் உண்மையான கஷ்டம். பேரல் குண்டுல விடுற கீறலை ஒப்பிட்டு, எந்தத் துப்பாக்கியில சுட்டதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் இங்க வேலை. 1920கள்ல கிராவெல், கோடார்ட் மாதிரி ஆளுங்க இந்த வேலைக்குக் கொண்டுவந்த கம்பாரிசன் மைக்ரோஸ்கோப், ரெண்டு குண்டையும் நடுவுல ஒரு கோடு பிரிக்க பக்கத்துல பக்கத்துல ஒரே நேரத்துல காட்டும். லைட்டை சாய்வா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வைக்கணும், கொஞ்சம் மாறினாலும் இருக்கிற கீறல் மறைஞ்சு போகும். தண்ணித் தொட்டிக்குள்ள சுட்டு எடுத்த ரெண்டு குண்டை மொதல்ல வச்சுப் பாத்தப்போ அப்படியே ஷாக், ஒரே துப்பாக்கி, அடுத்தடுத்து சுட்டது, அப்பவும் எல்லாக் கோடும் ஒத்துப்போகல! அப்போ எவ்வளவு ஒத்துப்போனா போதும்? இந்தக் கேள்வி கடைசிவரைக்கும் என்னை விடல. 1959ல பியசோட்டிங்கிற அமெரிக்க ஆய்வாளர் வரிசையா ஒத்துப்போற கோடுகளை எண்ணிப் பாக்க ஆரம்பிச்சதுகூட இதுக்காகத்தான்.

ரெண்டாவது செமஸ்டர் ப்ராக்டிகல்ல சுட்டதும் மிஞ்சுற காலித் தோட்டா உறை ரெண்டு குடுத்தாங்க. உறையோட அடியில இருக்கிற ப்ரைமர்ல (மருந்தைப் பத்த வைக்கிற பகுதி), சுடும்போது அது மோதுற துப்பாக்கியோட பின்சுவர், அதாவது பிரீச் ஃபேஸ், பதிஞ்ச இணைகோடுங்க அவ்வளவு அழகா சேர்ந்துச்சு, ஒரே துப்பாக்கின்னு எழுதிட்டேன். தப்பு. ரெண்டும் வேற வேற துப்பாக்கி, ஒரே கட்டிங் டூல்ல அடுத்தடுத்து செஞ்ச ஸ்லைடு (பிரீச் ஃபேஸ் இருக்கிற பாகம்), டூலோட தடம் ரெண்டுலயும் விழுந்திருக்கு, இதைத்தான் சப்கிளாஸ்னு சொல்றாங்க. மேடம் திட்டல, "இந்தக் கோடு எப்படி வந்துச்சுன்னு யோசிச்சியாப்பா?"ன்னு மட்டும் கேட்டாங்க. நிஜ வழக்கா இருந்திருந்தா ஒருத்தர் ஜெயிலுக்குப் போயிருப்பார்னு நெனச்சு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

அதுக்கப்புறம் மெக்கானிக்கல் வொர்க்‌ஷாப்ல போய் உக்காந்தேன். மில்லிங், ப்ரோச்சிங், ஹாமர் ஃபோர்ஜிங்னு உலோகத்தை வெட்டியோ அடிச்சோ உருவாக்குற முறைங்க, ஒவ்வொண்ணும் எந்த மாதிரி தடம் விடும்னு கண்ணால பாத்தேன். சேரப்போறவங்க இதை மொதல்லயே பண்ணுங்க, எந்த புக்கும் இவ்வளவு தெளிவா சொல்லித் தராது.

தீசிஸ் டைம்ல அமெரிக்க அதிபரோட அறிவியல் ஆலோசனைக் குழு 2016ல வெளியிட்ட பிகாஸ்ட் (PCAST) ரிப்போர்ட் படிச்சேன். இந்த முறை எவ்வளவு நம்பகமானதுன்னு காட்ட சரியா திட்டமிட்டு செஞ்ச ஆய்வுகள் பத்தலன்னு அதுல இருந்துச்சு, மனசு ரொம்ப கனத்துப் போச்சு, ஆனா அதைப் படிக்காம இந்த வேலைக்கு வரக்கூடாதுன்னும் தோணுச்சு.

கடைசி ப்ராக்டிகல்ல நசுங்கின குண்டு ஒண்ணு. பேரலோட உள்பக்க மேடு பள்ளம் (லேண்ட், குரூவ்) குண்டுல பதிஞ்ச எண்ணிக்கையும் திருகுற திசையும் துப்பாக்கியோட ஒத்துப்போச்சு, ஆனா தனிக் கீறல் போதுமான அளவுக்கு மிஞ்சல. ரெண்டு மணி நேரம் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "முடிவு சொல்ல இயலாது"ன்னு எழுதினேன். மேடம் படிச்சுட்டு ஒண்ணும் சொல்லாம கையெழுத்துப் போட்டாங்க.