சுத்தமான 2 நிமிடம்

சினிமாவுக்குச் சத்தம் பிடித்துத் தருவது என் வேலை. மழை, ரயில், மாட்டுவண்டி, சந்தை இரைச்சல் என்று எது கேட்டாலும் மைக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஒருமுறை ஓர் இயக்குநர் கேட்டது சாதாரண விஷயம்தான். 1960களின் கிராமம், மழை விட்ட ராத்திரி, பின்னணியில் தவளைகள். "வண்டிச் சத்தம் மட்டும் வேணாம் பாஸ். 2 நிமிஷம் போதும்."

செங்கல்பட்டைத் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே ஓர் ஏரி. முதல் பெருமழை பெய்த இரவு. எலுமிச்சை மஞ்சளுக்கு மாறியிருந்த பெரிய ஆண் தவளைகள், தொண்டையின் இரண்டு பக்கமும் நீலப் பைகளை உப்பவைத்துக் கத்திக்கொண்டிருந்தன. வெறும் காதுக்கு அருமையாக இருந்தது. ஹெட்போனை மாட்டியதும்தான் அடியில் ஓயாத ஓர் உறுமல் தெரிந்தது. லாரிகள். என் காது எப்போதோ அதற்குப் பழகிவிட்டிருக்கிறது; மைக் பழகவில்லை.

கரையில் பீடி பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். "லாரி கூடப் பரவாயில்ல தம்பி. கரை மேல ஒரு புல்லட் போவட்டும், அம்புட்டும் கம்முனு ஆயிடும் பாருங்க." போனது. ஆனது. அப்புறம் ஒவ்வொன்றாகத் தயங்கித் தயங்கி ஆரம்பித்தன.

11 மணியிலிருந்து 3 மணிவரை உட்கார்ந்ததில் தேறியது ஒரே ஒரு 40 நொடித் துண்டு.

மீதியைச் சுத்தம் செய்துகொள்ளலாம் என்று ஸ்டூடியோவில் ஃபில்டர் போட்டேன். சாலை இரைச்சலின் பலம் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். அடிப்பக்கத்தை வெட்ட வெட்ட லாரி மறைந்தது. பெரிய தவளையின் அடித்தொண்டையும் கூடவே போய்விட்டது. நின்றது, சீப்புப் பல்லை நகத்தால் வழித்ததுபோல் ஒலிக்கும் ஒரு குட்டித் தவளையின் குரல் மட்டும். அப்போதுதான் உறைத்தது. கத்துவது பெரும்பாலும் ஆண். இருட்டில் காதை நம்பி வருவது பெண். அதனிடம் ஃபில்டர் கிடையாது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த வாயே எடுபடவில்லை என்றால்?

அதன்பின் கொஞ்சம் தேடிப் படித்தேன். மெல்போர்னில் போக்குவரத்து இரைச்சலுக்கு நடுவே ஒரு மரத்தவளை சுருதியை ஏற்றிக் கத்துகிறது என்று 2009இல் எழுதியிருக்கிறார்கள். சாமர்த்தியம்தான். ஆனால் பல இனங்களில் கட்டைக் குரல்தான் பெரிய உடம்புக்கு அடையாளம், பெண்ணுக்குப் பிடித்ததும் அதுவே. எட்டும்படி கத்தினால் மவுசு குறையும்.

தாய்லாந்தில் செய்து 2005இல் வெளியான ஆய்வு இன்னும் வேடிக்கை. விமானம், மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு 3 இனங்கள் கத்துவதைக் குறைத்தன. ஓர் இனம் மட்டும் கூட்டியது. மற்றவை அடங்கிய இடைவெளியை அது பிடித்துக்கொண்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். எங்கள் தொழிலிலும் அப்படிச் சிலரைப் பார்த்திருக்கிறேன்.

சரி, படத்துக்கு 2 நிமிடம் வேண்டுமே. அந்த 40 நொடியை மூன்று முறை அடுத்தடுத்து ஒட்டி, இடம் வலம் மாற்றி, ஒட்டுத் தெரியாமல் இழைத்துக் கொடுத்தேன். "அந்தக் காலத்து ராத்திரி அப்படியே இருக்கு" என்றார் இயக்குநர். எனக்கு மட்டும் தெரியும்: 17ஆவது நொடியில் குரல் உடையும் ஒரு கிழட்டுத் தவளை, 57இலும் 97இலும் அதேபோல் உடைகிறது.