பால்கனியில் ஒரு மீட்டர் லூப்: 7 முதல் 21 மெகாஹெர்ட்ஸ் வரை

ஹாம் (அமெச்சூர்) வானொலியில் 40 மீட்டர் பேண்டுக்கு, அதாவது 7 மெகாஹெர்ட்ஸுக்கு, டைப்போல் என்னும் நேர்க்கம்பி ஆண்டெனா கட்ட 20 மீட்டர் நீளத்துக்குக் கம்பி இழுக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டை மாடி பொதுச் சொத்து, அங்கே கம்பி கட்டச் சங்கம் லேசில் சம்மதிக்காது. மிஞ்சுவது பால்கனி. அதில் அடங்கி, 7 முதல் 21 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே உருப்படியாக வேலை செய்வது ஒரு மீட்டர் விட்டமுள்ள செம்பு லூப், அதாவது வளைய ஆண்டெனா. கட்டுவது சுலபம். சரியாகக் கட்டுவது வேறு சங்கதி. இங்கே நாம் மல்லுக்கட்டுவது ஓமில் நூறில் ஒரு பங்கோடு.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். இந்த லூப்பின் கதிர்வீச்சு மின்தடை (அலையாக வெளியே போகும் சக்தியைக் குறிக்கும் கணக்கு மின்தடை) 14.1 மெகாஹெர்ட்ஸில் சுமார் 0.094 ஓம், 7.1-இல் வெறும் 0.006 ஓம். முக்கால் இஞ்ச் (19 மி.மீ.) செம்புக் குழாயின் சொந்த இழப்பு 14-இல் 0.05 ஓம், 7-இல் 0.037 ஓம். வேறு இழப்பே இல்லையென்று வைத்துக்கொண்டால் 20 மீட்டர் பேண்டில் (14 மெகாஹெர்ட்ஸ்) 64 சதவீதத் திறன் கிடைக்கும், 40 மீட்டரில் 14 சதவீதம்தான். இதில் எங்காவது 0.1 ஓம் கெட்ட இணைப்பு ஒன்று சேர்ந்தால் 20 மீட்டர் 38 சதவீதத்துக்கு இறங்கும், 40 மீட்டரில் 4 சதவீதம் மிஞ்சும். மல்ட்டிமீட்டரில் இந்த 0.1 ஓம் கண்ணிலேயே படாது.

குழாய் ஏ.சி. உதிரிபாகக் கடைகளில் அடிக்கணக்கில் கிடைக்கும். சுருளாக வரும் மென்மையான ரகத்தில் பத்தரை அடி போதும். ரேடியோ அதிர்வெண் மின்னோட்டம் மேற்பரப்பில் 0.02 மி.மீ. ஆழத்துக்குள்ளேயே ஓடுவதால் சுவரின் தடிமன் பொருட்டல்ல, குழாயின் சுற்றளவுதான் பேசும். தரையில் ஒரு மீட்டர் வட்டம் வரைந்து, குழாய்க்குள் காய்ந்த மெல்லிய மணலை இறுக்க நிரப்பி, இரு வாயையும் அடைத்துக்கொண்டு வளைத்தால் ஒடுங்காது. இரு முனைகளுக்கும் நடுவில் 5 செ.மீ. இடைவெளி விட வேண்டும்.

இந்த லூப்பின் மின்தூண்டல் ஏறக்குறைய 2.5 மைக்ரோஹென்றி. 7.1-க்கு 198, 14.1-க்கு 50, 21.2-க்கு 22 பிகோஃபாரட் வேண்டியிருக்கும். பழைய வால்வு ரேடியோவின் இரட்டை கேங் கண்டென்சர் (ஒரே அச்சில் திரும்பும் இரண்டு மாறு மின்தேக்கிகள்), பிரிவுக்குச் சுமார் 500 பிகோஃபாரட் இருந்தால், இதற்குப் பொருந்தும். இரண்டு ஸ்டேட்டர்களையும் (அசையாத தகடுகள்) லூப்பின் இரு முனைகளில் இணைத்து, ரோட்டரை (திரும்பும் தகடுகள்) எதனோடும் சேர்க்காமல் விட்டுவிட வேண்டும். இரு பிரிவுகளும் தொடராகி மதிப்பு பாதியாகும், தாங்கும் மின்னழுத்தம் இரட்டிக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், மின்னோட்டம் ரோட்டரின் உரசும் தொடுப்பு வழியாகப் போகாது. அந்தத் தொடுப்புதான் மேலே சொன்ன 0.1 ஓமின் வழக்கமான இருப்பிடம். கேங்கின் தலையில் மைக்கா டிரிம்மர்கள் (நுணுக்கமாகச் சரிசெய்யும் சிறு கண்டென்சர்கள்) இருந்தால் முதல் வேலையாகக் கழற்றி எறியுங்கள். கேங்கின் சட்டகம் ரோட்டரோடு சேர்ந்தது, எனவே உலோகத்தில் பொருத்தக் கூடாது. அக்ரிலிக் தகடு நல்லது. சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பலகையும் தாராளமாகப் போதும்.

குழாய் முனைக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே ஒயர் வேண்டாம். 25 மி.மீ. அகலச் செம்புப் பட்டையை இரு பக்கமும் சால்டர் செய்யுங்கள். குழாய்க்குச் சாதாரண சால்டரிங் அயர்ன் சூடு போதாது, கேஸ் டார்ச் வேண்டும். போல்ட் நட்டு போட்டு முறுக்கினால் முதல் வாரம் நன்றாகத்தான் இருக்கும், உப்புக் காற்று அடிக்கும் ஊரில் அதன் ஆயுள் ஒரு மழைக்காலம். சால்டர் செய்த இடங்களில் இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்துவிடுங்கள்.

இந்தக் கேங்குக்கு 5 வாட் பத்திரம். 20 மீட்டரில் 10 வாட் கொடுத்தால் கண்டென்சருக்குக் குறுக்கே உச்சமாக 2,600 வோல்ட் வரை ஏறும். தகடுகளுக்கிடையே 0.3 மி.மீ. இடைவெளிதான் என்றால் ஈரப்பதமான இரவில் பொறி பறக்கும். பொறி விழுகிறது என்பதற்கு அடையாளம்: முதல் சில நொடிகள் சரியாக இருந்த எஸ்.டபிள்யூ.ஆர். (ஆண்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) திடீரென்று எகிறும், கண்டென்சரிலிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வரும். சிலந்தி வலை ஒற்றை இழை உள்ளே இருந்தாலும் இதே கதைதான். 100 வாட்டுக்கு 8,000 வோல்ட்டைத் தாண்டும். அதற்கு வெற்றிடக் கண்டென்சர்தான் வழி, விலையும் அதற்கேற்றபடி இருக்கும்.

ரேடியோவின் சக்தியைப் பெரிய லூப்புக்குக் கொடுக்கும் சின்ன இணைப்பு லூப்புக்கு 63 செ.மீ. நீளமுள்ள 4 சதுர மி.மீ. வீட்டு ஒயர். வட்டமாக்கினால் 20 செ.மீ. விட்டம், அதாவது பெரிய லூப்பில் ஐந்தில் ஒரு பங்கு. கண்டென்சருக்கு நேர் எதிரே, குழாயை ஒட்டி, அதே தளத்தில் கட்ட வேண்டும். இரு முனைகளும் கோஆக்ஸ் கேபிளின் நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும். எஸ்.டபிள்யூ.ஆர். 1.5-க்குக் கீழே இறங்காவிட்டால் சின்ன வட்டத்தை முட்டை வடிவமாக அமுக்கிப் பாருங்கள், அல்லது குழாயிலிருந்து சற்று விலக்கிப் பாருங்கள். கோஆக்ஸ் தொடங்கும் இடத்திலேயே ஃபெரைட் வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் கேபிளின் பின்னலும் ஆண்டெனாவாகி, வீட்டு எல்.இ.டி. விளக்குகளின் இரைச்சலை உள்ளே கொண்டுவந்து சேர்க்கும்.

நானோவிஎன்ஏ என்னும் கையடக்க ஆண்டெனா அளவீட்டுக் கருவியில் 7 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை மொத்தமாக ஸ்வீப் செய்து, “ரெசனன்ஸே இல்லையே” என்று குழம்புகிறவர்கள் பலர். 101 புள்ளிகளில் அது 230 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு தாவல். லூப்பின் எஸ்.டபிள்யூ.ஆர். பள்ளமோ பத்துப் பதினைந்து கிலோஹெர்ட்ஸ் அகலம். முதலில் ரிசீவரில் இரைச்சல் குபீரென்று ஏறும் இடத்தைக் காதால் பிடியுங்கள். பிறகு 200 கிலோஹெர்ட்ஸ் ஸ்பானில் பாருங்கள்.

எஸ்.டபிள்யூ.ஆர். 1.1 வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. இழப்பு நிறைந்த லூப்பும் 1.1 காட்டும். எஸ்.டபிள்யூ.ஆர். 2.6-ஐத் தொடும் இரு புள்ளிகளுக்கு இடையிலுள்ள அகலத்தை அளந்தால் உண்மை வெளியே வரும். 14.1-இல் குறையே இல்லாத லூப்புக்கு அது 9 கிலோஹெர்ட்ஸ். 15 வந்தால் திறன் 40 சதவீதத்தை ஒட்டி இருக்கும், அதுவே நல்ல பலன். 30 வந்தால் 20 சதவீதம்தான், இணைப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கேங்கை ஒரு பாகை திருப்பினால் 20 மீட்டரில் சுமார் 180 கிலோஹெர்ட்ஸ் நகரும். நேரடியாகக் குமிழ் மாட்டினால் நிறுத்தவே முடியாது. 6:1 வெர்னியர் (குமிழின் சுற்றைக் குறைத்துக் கொடுக்கும் அமைப்பு) ஒன்று மட்டும் போதாது, இரண்டை அடுத்தடுத்து மாட்டி 36:1 ஆக்கினால் கைக்கு அடங்கும். அச்சை நீட்ட அக்ரிலிக் அல்லது ஃபைபர் தண்டு வேண்டும், உலோகம் கூடாது. ரிக்கின் (அனுப்பி வாங்கும் ரேடியோவின்) உள் டியூனரை அணைத்துவிட்டு, ஒரு வாட்டில் டியூன் செய்யுங்கள். வெயில் ஏறினால் குழாய் விரிந்து அதிர்வெண் நகரும், அப்போது மறுபடி தொட வேண்டியதுதான்.

பால்கனியின் இரும்பு கிரில் ஒரு பெரிய எதிரி. லூப்பின் தளத்தை கிரில்லுக்குச் செங்குத்தாக, குறைந்தது அரை மீட்டர் தள்ளி, அடிவிளிம்பு தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும்படி வையுங்கள். லூப் தன் தளத்தின் திசையில் கதிர்வீசும், அதன் அச்சுத் திசையில் பள்ளம் இருக்கும், அதாவது அங்கே வீச்சு மிகக் குறைவு. இப்படி வைத்தால் வீச்சு பால்கனிக்கு வெளியே போகும், பள்ளம் பக்கத்து வீடுகளை நோக்கும். இரைச்சல் அங்கிருந்து வருகிறதென்றால் அதுவே லாபம். சில பாகை திருப்பி இரைச்சல் குறையும் நிலையில் கட்டிவிடுங்கள்.

ஒன்றில் மட்டும் சமரசம் வேண்டாம். 10 வாட்டிலேயே குழாயில் 20 மீட்டரில் 8 ஆம்பியர், 40 மீட்டரில் 15 ஆம்பியர் வரை ஓடும், அருகில் காந்தப்புலம் கடுமையாக இருக்கும். 10 வாட்டில் அனுப்பும்போது மூன்று மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கட்டில் கிடக்கிறதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு இடத்தை முடிவு செய்யுங்கள். காந்தப்புலத்தைச் செங்கல் சுவர் தடுக்காது.