தம்பியின் வைட்டமின் இ பரிசோதனையும் மருந்துக்கடையில் கிடைத்த மாத்திரையும்

தம்பிக்கு உடம்பில் செம்பு தேங்கும் வில்சன் நோய் என்று உறுதியானதும் களியக்காவிளையில் எங்கள் வீட்டுச் சாப்பாடே மாறிப்போனது. செம்பு அதிகமுள்ள ஈரல், சாக்லேட், அண்டிப்பருப்பு, சிப்பி எல்லாம் நின்றன. குளச்சல் சிப்பி என்றால் உயிரை விடுகிற பையன் அவன். அம்மா குடிதண்ணீர் வைத்திருந்த செம்புக் குடமும் பரணுக்குப் போய்விட்டது.

ஏடிபி7பி என்ற மரபணு பழுதானால் கல்லீரலால் மிச்சச் செம்பைப் பித்தநீரில் வெளியேற்ற முடியாது. தேங்கும் செம்பு செல்களை ஆக்சிஜனேற்றத்தால் சிதைக்கும். அந்தச் சேதத்தைத் தடுக்கிற வைட்டமின் இ இந்த நோயாளிகளில் சிலருக்குக் குறைவாக இருப்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அதனால் திருவனந்தபுரத்து டாக்டர் அதையும் பார்க்கச் சொன்னார்.

வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, வெளிச்சம் படாமல் குழாயை அலுமினியத் தாளில் சுற்றினார்கள். வைட்டமின் இ கொழுப்போடுதான் ரத்தத்தில் ஓடும் என்பதால் கொலஸ்ட்ராலும் சேர்த்துப் பார்த்தார்கள். கூடவே செம்பின் அளவைப் பார்க்க 24 மணி நேரச் சிறுநீர். காலையில் முதலில் போவதை விட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்; அதன்பின் மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை ஒரு சொட்டு விடாமல் பிளாஸ்டிக் கேனில் சேர்க்க வேண்டும். பள்ளி இல்லாத நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டோம். அறிக்கையில் செம்பு 'அதிகம்' என்று தடித்த எழுத்தில் இருந்ததைப் பார்த்து அம்மா அழுதுவிட்டார். செம்பைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் பெனிசிலமின் மருந்தைச் சாப்பிடும்போது 200 முதல் 500 மைக்ரோகிராம் வரை வந்தால் மருந்து வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம் என டாக்டர் சொன்ன பிறகே அவருக்கு மூச்சு வந்தது.

வைட்டமின் இ கொஞ்சம் குறைவுதான். டாக்டர் எழுதியது தனி வைட்டமின் இ. மருந்துக்கடையில் அது இல்லை என்று, "இதுவும் ஆன்டிஆக்ஸிடன்ட்தான், இன்னும் சத்து" என ஒரு மல்டிவைட்டமினை நீட்டினார்கள். அட்டையைத் திருப்பிப் படித்தால் துத்தநாகம், செலினியம், அப்புறம் காப்பர்! எதை உடம்பிலிருந்து எடுக்க இத்தனை பாடுபடுகிறோமோ அதையே மாத்திரையாகக் கொடுக்கப் பார்த்தார்கள். வீட்டில் வில்சன் நோயாளி இருந்தால், எந்தச் சத்து மாத்திரையானாலும் பின்பக்க எழுத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

இப்போது பெனிசிலமின் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், வைட்டமின் இ மதியச் சோற்றோடு, பெனிசிலமினால் குறையும் பி6-க்குத் தனி மாத்திரை. வைட்டமின் இ துணைதான், பெனிசிலமினை ஒருபோதும் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.