வெயிலில் 80 கிலோமீட்டர்: சோழியோடு ஒரு கோடைப் போட்டி

என் குதிரை சோழியும் நானும் 80 கிலோமீட்டர் எண்டூரன்ஸ் போட்டியை, அதாவது நீண்டதூரக் குதிரையோட்டப் போட்டியை, முடித்துவிட்டோம். நல்ல கோடையில், நிழல் அதிகம் இல்லாத பாதையில். முடிவுப் பட்டியலில் எங்கள் இடம் நடுவாந்தரம்தான். குளிர்ந்த மாதங்களில் இதே தூரத்தை ஏற்கெனவே முடித்திருக்கிறோம், ஆனால் வெயிலில் இது வேறு விளையாட்டு. எப்படித் தயாரானோம், அன்று என்ன நடந்தது என்று எழுதி வைக்கிறேன். சோழி சாம்பல் நிறப் பெட்டை, அரேபியக் கலப்பு. சுறுசுறுப்பு உண்டு, பிடிவாதமும் உண்டு.

இந்தப் போட்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: முழுத் தூரத்தையும் ஒரே மூச்சில் ஓட்டுவதில்லை. லூப்களாக, அதாவது சுற்றுகளாக, பிரிப்பார்கள். ஒவ்வொரு லூப் முடிவிலும் வெட் கேட் என்ற கால்நடை மருத்துவப் பரிசோதனை இடம் இருக்கும். அங்கே வந்து சேர்ந்த 15 நிமிடத்துக்குள் குதிரையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 64 அல்லது அதற்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும் என்பது சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ.யின் பொது விதி. ஓய்வில் நிற்கும் குதிரைக்கு அது 28 முதல் 44 வரை இருக்கும். இறங்கிவிட்டது என்று நீங்கள் குதிரையைக் கொண்டுபோய்க் காட்டும்வரை கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், கட்டாய ஓய்வு நேரம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். அதனால் பாதையில் பாய்ந்து வந்து ஐந்து நிமிடம் மிச்சம் பிடித்தவர், பல்ஸ் இறங்காமல் பத்து நிமிடத்தை இங்கே தொலைப்பது சாதாரணம். எங்கள் போட்டியில் வெப்பத்தைப் பார்த்துவிட்டு அந்த 64-ஐ 60 ஆக்கினார்கள், ஓய்வையும் 40 நிமிடத்திலிருந்து 50 ஆக நீட்டினார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

குதிரைக்கு வெயில் ஏன் இவ்வளவு கடினம்? ஓடும்போது தசைகள் எரிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் ஓட்டமாக மாறுகிறது, மிச்சமெல்லாம் சூடு. எடையோடு ஒப்பிட்டால் குதிரையின் தோல் பரப்பு மனிதருக்கு இருப்பதில் பாதி அளவுகூட இல்லை. அந்தக் கொஞ்சத் தோல் வழியாகத்தான் அத்தனை சூடும் வெளியேற வேண்டும். அதற்கு முக்கியமான வழி வியர்வை. சூடான நாளில் கடுமையாக ஓடும் குதிரை ஒரு மணி நேரத்தில் 10 முதல் 15 லிட்டர் வரை வியர்க்கலாம்.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது தாகம். மனித வியர்வையில் உப்பு ரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவு. நமக்கு நீர் அதிகமாகப் போவதால் ரத்தத்தில் உப்பின் அடர்த்தி ஏறும், மூளை உடனே தண்ணீர் கேட்கும். குதிரையின் வியர்வையில் உப்பு ரத்தத்துக்குச் சமமாக, சில சமயம் அதைவிடவும் அதிகமாக இருக்கும். நீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுவதால் அடர்த்தி பெரிதாக மாறாது, மூளைக்குச் சேதியே போகாது. அதனால்தான் பல லிட்டர் இழந்த குதிரைகூட தொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுப் பேசாமல் நகர்ந்துவிடும். "தாகமா இருந்தா குடிச்சுக்கும்" என்ற கணக்கு இங்கே செல்லாது. உப்பு திரும்ப உள்ளே போனால்தான் தாகம் வரும். அதற்காக ஏற்கெனவே வறண்டுபோய், குடிக்கவும் மறுக்கிற குதிரையின் வாயில் எலக்ட்ரோலைட் என்ற உப்புக் கலவையைப் பீய்ச்சினால் இன்னும் கெடுதல், ஏனென்றால் அந்த உப்பு உடம்பில் மிச்சமிருக்கும் நீரையும் குடலுக்குள் இழுத்துக்கொள்ளும். தண்ணீர் குடித்தாளா, அப்புறம்தான் உப்பு. இந்த வரிசையை மாற்றுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

தயாரிப்பின் பெரும்பகுதி இதைச் சுற்றியேதான் போனது. சூட்டுக்குப் பழக குதிரைக்கு இரண்டு, மூன்று வாரம் தேவை. விடியற்காலைப் பயிற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, முற்பகலுக்கும் பிறகு உச்சிக்கும் கொண்டுபோனேன். தூரத்தைக் கூட்டவில்லை, வெயிலை மட்டும் கூட்டினேன். தினசரித் தீவனத்தில் உப்பு சேர்த்தேன். வாளி, சிமெண்ட் தொட்டி, ஓடை, குட்டை என்று கிடைக்கிற எல்லாவற்றிலும் குடிக்கப் பழக்கினேன். வீட்டு வாளியில் மட்டும் குடிக்கும் குதிரையை வைத்துக்கொண்டு இந்தப் போட்டிக்கு வரவே கூடாது.

ஸ்பாஞ்ச் பழக்கம் தனிக் கதை. சேணத்தில் நீளமான கயிறு கட்டி, அதன் முனையில் ஒரு ஸ்பாஞ்ச். ஓடையைக் கடக்கும்போது மேலிருந்தபடியே நீரில் போட்டு இழுத்து, கழுத்தில் பிழியலாம். முதல்முறை அது 'சளக்' என்று விழுந்ததும் சோழி பக்கவாட்டில் ஒரு தாவு தாவினாள், நான் ஓடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு தினமும் தொழுவத்தில் அதை அவள் முதுகில் வைத்துத் தேய்த்தே பழக்கினேன். போட்டியன்று ஸ்பாஞ்ச் தண்ணீரைத் தொடும் முன்பே கழுத்தை நீட்டினாள்.

போட்டி நாள். மூன்று லூப்: 32, 28, 20 கிலோமீட்டர். இருட்டு விலகும் நேரத்தில் கிளம்பினோம். காலைக் குளிர்ச்சியில் வேகமாகப் போய்விட்டு உச்சியில் நிதானிப்போம் என்பதுதான் எல்லோருடைய திட்டமும். எனக்கும் அதுதான். ஆனால் காற்றில் ஈரம் கனத்துக் கிடந்தது. தரையெல்லாம் பனி, காற்றுச் சலனமே இல்லை. மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி மாதிரி, சோழியின் வியர்வை காயவே இல்லை, சொட்டிக்கொண்டே இருந்தது. சொட்டும் வியர்வையால் சூடு இறங்காது. அது ஆவியானால்தான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். சேணத்துக்கு அடியில் எலக்ட்ரோட் வைத்த ஹார்ட் ரேட் மானிட்டர் போட்டிருந்தேன். வழக்கமாக 120 காட்டுகிற ட்ராட் (மிதமான ஓட்டம்) வேகத்தில் 135 காட்டியது. வெப்பமானியைப் பார்த்தால் அதுதான் அன்றைய குளிர்ச்சியான நேரம்! திட்டத்தை விட்டுவிட்டு 125-ஐத் தாண்டாமல் ஓட்டுவது என்று வேகத்தை இறக்கினேன். சாரிசாரியாக எங்களைத் தாண்டிப் போனார்கள். சோழிக்கு அது பிடிக்கவில்லை. கடிவாளத்தை இழுத்து இழுத்து என் தோள் வலித்ததுதான் மிச்சம்.

கேட்டுக்கு அரை கிலோமீட்டர் முன்பே இறங்கி, சேண வாரைத் தளர்த்தி நடக்க ஆரம்பித்தேன். க்ரூவாக, அதாவது உதவிக்கு, வந்த தம்பி வாளிகளோடு தயாராக நின்றான். கழுத்தின் பெரிய ரத்தக்குழாய் ஓடும் பக்கம், மார்பு, கால்களுக்கு இடைப்பகுதி என்று ஊற்றினோம். குளிர்ந்த நீரைப் பின்புறப் பெரிய தசைகளில் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று பலர் இன்றும் பயப்படுகிறார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன்பு வெப்பத்தில் குதிரைகளை வைத்து நடந்த ஆய்வுகளில், சூடேறிய குதிரையின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றியதில் கெடுதல் எதுவும் தெரியவில்லை. நான் அதைத்தான் நம்புகிறேன். ஒரு வாளி ஊற்றிவிட்டு நிறுத்துவதால் பலன் கொஞ்சம்தான். உடம்பில் நிற்கும் நீர் சீக்கிரமே சூடாகிவிடும், அதனால் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் குறைவாக இருந்தால் ஊற்றி வழித்து, மறுபடி ஊற்றலாம்.

"அக்கா, அம்பத்தெட்டு!" என்று தம்பி ஸ்டெதஸ்கோப்பைக் காதில் வைத்தபடியே கத்தினான். அப்போதே உள்ளே போனோம். தாண்டிப் போனவர்களில் சிலர் அப்போதும் வெளியே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அப்படி இல்லை. முதலில் வந்தவரின் குதிரை எங்களுக்கு வெகுமுன்பே பல்ஸ் இறங்கிக் காட்டப்பட்டு, கடைசிவரை முன்னாலேயே இருந்து ஜெயித்தது. வேகத்தையும் தாங்கி, பல்ஸும் இறங்குகிற குதிரைகள் உண்டு. சோழி அந்த ரகம் கிடையாது.

இரண்டாவது லூப்பில் வெயில் கொளுத்தியது. ஆச்சரியம், அவள் நன்றாக ஓடினாள். ஈரம் விலகி, வறண்ட காற்று வீச ஆரம்பித்ததும் வியர்வை காய்ந்து உப்பு வரிகளாகப் படிந்தது, பல்ஸ் காலையைவிடக் குறைவாகவே நின்றது. முதல் இரண்டு நீர்நிலைகளில் வாயே வைக்கவில்லை. மூன்றாவதில் தலையை உயர்த்தாமல் குடித்தாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்தவர் பொறுமையாகக் காத்து நின்றார், குடிக்கும் குதிரையை விட்டுவிட்டுக் கிளம்பினால் அதுவும் கூடவே ஓடிவரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு நன்றி.

வெட் கேட்டில் பல்ஸ் மட்டும் பார்ப்பதில்லை. ஈறின் நிறம், ஈறை அழுத்தி விட்டால் ரத்தம் திரும்பும் நேரம், தோலைக் கிள்ளிவிட்டால் பழைய நிலைக்குப் போகும் வேகம், வயிற்றின் நான்கு பக்கத்திலும் குடல் ஓசை, கடைசியில் நொண்டுகிறதா என்று ஓடவிட்டுப் பார்ப்பது. இரண்டாவது கேட்டில் சோழிக்குக் குடல் ஓசை இரண்டு பக்கம் மந்தம். ஓடும்போது ரத்தம் தசைக்கும் தோலுக்கும் போய்விடுவதால் குடலுக்குக் குறைகிறது. அது நீடித்தால் வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும். "சாப்பிட வைங்க, அவசரப்படாதீங்க" என்றார் மருத்துவர். நனைத்த புல்லும், தண்ணீராகக் கரைத்த தவிட்டுக் கூழும் வைத்தோம். கூழை விட்டுவிட்டுப் பக்கத்துக் குதிரையின் புல்லை எட்டி எட்டித் தின்றாள். சரி, எதுவாவது உள்ளே போனால் போதும்.

கட்டாய ஓய்வு முடிந்தும் நான் கிளம்பவில்லை. அவள் சிறுநீர் கழிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போவது என்று உட்கார்ந்துவிட்டேன். கழித்தாள், நிறம் இளமஞ்சள். மருத்துவரிடம் மறுபடி காட்டினேன், ஓசை திரும்பியிருந்தது. அதற்குள் நான்கைந்து பேர் முன்னால் போயிருந்தார்கள். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைப்பகுதியில் 1955-இல் தொடங்கிய டெவிஸ் கோப்பைப் போட்டியில், 24 மணி நேரத்துக்குள் 100 மைல் போக வேண்டும். கிளம்புகிறவர்களில் பாதிப்பேர் அளவுக்குத்தான் முடிக்கிறார்கள். அதைவிடச் சின்னப் போட்டியில் முடிக்கிறவர்களில் ஒருத்தியாக இருப்பதற்கு இந்தக் காத்திருப்பு பெரிய விலையாகத் தெரியவில்லை.

கடைசி 20 கிலோமீட்டரில் சொல்ல அதிகம் இல்லை. இறக்கங்களில் இறங்கி நடந்தேன், சமதரையில் ட்ராட். தொடை உராய்ந்து புண்ணாகியிருந்தது, தண்ணீர் பாட்டிலில் கலந்த என் உப்புத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத அளவுக்குச் சூடாகியிருந்தது. முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகும் பரிசோதனை பாக்கி இருந்தது. அதில் தவறினால் 80 கிலோமீட்டரும் கணக்கில் வராது. பல்ஸ் 60-ஐத் தொட ஒன்பது நிமிடம் ஆனது, அன்றைய நாளிலேயே அதிகம். ஓடவிட்டுப் பார்த்தார்கள், நடை சுத்தம்.

மறுநாள் காலையில் கால்களைத் தடவிப் பார்த்தேன், வீக்கம் இல்லை, சேணம் உட்கார்ந்த இடத்திலும் புண் இல்லை. உடம்பைச் சுற்றி அளந்து எடையைக் கணிக்கும் எடை நாடாவில் மட்டும் போட்டிக்கு முந்தைய அளவுக்கு வரவில்லை, உப்பைத் தொடர்ந்து கொடுக்கிறேன். எஃப்.இ.ஐ. விதியில் இந்தத் தூரத்துக்கு 12 நாள் கட்டாய ஓய்வு. நான் அதைவிட அதிகமாகவே கொடுக்கப் போகிறேன், பிறகு மெதுநடையில் தொடங்கி இன்னொரு கோடைப் போட்டி. அதற்குள் அவளைத் தவிட்டுக் கூழ் குடிக்க வைக்க வேண்டும். கேரட் துருவிப் போட்டுப் பார்த்தேன், கேரட்டை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு வாளியைக் காலால் தள்ளிவிட்டாள். வேறு ஏதாவது வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.